தோட்டத்துச் செம்மண்ணும் மீட்பு வடமும்

பகாவ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் அடைமழை பெய்தால் ஃபோர் வீல் வண்டியும் அச்சுவரை புதையும். எண்ணெயை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். நான் முதலில் டயர்க் காற்றைக் குறைப்பேன்; தரையைப் பற்றும் பரப்பு கூடும். அதற்கும் அசையாவிட்டால் வின்ச். செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. ஆகவே அகன்ற பட்டையை அடிமரத்தில் தாழக் கட்ட வேண்டும். அதில் கப்பியை மாட்டி, வடத்தை அதன் வழியே திருப்பி வண்டியிலேயே பிணைத்தால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். இடைநிலைப்பள்ளி இயற்பியல்தான்! 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயம் மழைக்காலத்தையே தேடிப் பிடித்தது. அங்கும் கப்பிதான் துணை.

நண்பர்களே, அறுந்த இரும்பு வடம் காலையே துண்டிக்கும். இழுக்குமுன் வடத்தின்மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களை வடத்தின் நீளத்திற்கும் அப்பால் நிறுத்துங்கள்.