பிசி அட்டைச் செருகுவாயும் லினக்சும்

பிசி அட்டைச் செருகுவாய் என்பது 1990களிலும் 2000களிலும் வெளிவந்த மடிக்கணினிகளின் பக்கவாட்டில் மோடம், வலையமைப்பு அட்டை முதலியவற்றைச் செருகுவதற்கான வாய் ஆகும்.

லினக்சில் இதற்கு இரண்டு இயக்கிகள் தேவை. செருகுவாய்க்கானது ஒன்று, பெரும்பாலான கணினிகளுக்கு யெந்தா எனும் பொது இயக்கியே போதும். மற்றொன்று அட்டையிலுள்ள சில்லுக்குரியது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் எழுந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்ட அட்டைகளிலும் சில்லு மாறுவதுண்டு. லிங்க்சிஸ் டபிள்யூபிசி11 எனும் கம்பியற்ற அட்டையின் 3ஆம் பதிப்பில் பிரிசம் சில்லும், 4ஆம் பதிப்பில் ரியல்டெக் சில்லும் இருந்தன. முன்னது லினக்சில் எளிதில் இயங்கியது. பின்னதற்கான இயக்கி 2008இல்தான் கருனியில் சேர்க்கப்பட்டது. ஆகவே உறையிலுள்ள பெயரைவிடப் பதிப்பு எண்ணே முக்கியம்.

பின்னர் நிலைமை தலைகீழானது. 2024இல் வெளியான 6.8 கருனியிலிருந்து, பராமரிப்போர் இல்லாத ஒரினோகோ, ஹோஸ்ட்ஏபி ஆகிய இயக்கிகள் நீக்கப்பட்டன. அவற்றைச் சார்ந்த பிரிசம் அட்டைகளுக்கு இனிப் பழைய கருனியே வேண்டும்.