சாரதியின் சட்டைப் பையில் கிடக்கும் தண்டப் பத்திரம்

கடன் கொடுத்தவர் கடைக்கு வந்து நின்றால் நமக்குத் தெரிகிறது. காசோலை திரும்பினால் வங்கி அன்றே அறிவிக்கிறது. ஆனால் லொறியும் வேனும் வைத்து வியாபாரம் செய்கிற நம்மில் பலருக்கு, நமக்கே தெரியாமல் வளர்கின்ற ஒரு கடன் இருக்கிறது. அதுதான் சாரதியின் சட்டைப் பையில் மடித்துக் கிடக்கும் பொலிஸ் தண்டப் பத்திரம். இதைப் பற்றி எழுதும்படி வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகள் சிலர் கேட்டுக் கொண்டார்கள். வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவர்கள்கூட இந்தக் கணக்கை எழுதுவதில்லை. ஆகவே இந்த வாரம் இதையே எடுத்துக் கொள்வோம்.

பதினான்கு நாள் கணக்கு

வீதியில் ஒரு சிறிய குற்றத்துக்காக வாகனத்தை நிறுத்தும் பொலிஸ் அதிகாரி, சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக் கொண்டு தண்டப் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுப்பதுதான் நாம் பழகிய முறை. அந்தக் கடதாசி வெறும் பற்றுச்சீட்டு அல்ல. 14 நாட்களுக்கு அதுவே தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரமும் ஆகும். அந்த 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசனைத் திருப்பித் தருவார்கள். விஷயம் அத்துடன் முடிந்தது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும். 1,000 ரூபா 2,000 ரூபாவாகும். 28 நாட்களும் கடந்து விட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாகும். அழைப்பாணைக்குப் போகாவிட்டால் பிடியாணை. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலை என்று நம் மூத்தவர்கள் சொல்வது இதைத்தான்.

2018 ஜூலையில் 33 குற்றங்களுக்கான உடனடித் தண்டங்கள் திருத்தப்பட்டன. அப்போது வேகத்துக்கான தண்டம் படிப்படியாக ஏறும்படி வைக்கப்பட்டது. அனுமதித்த வேகத்தை 20 சதவீதம் வரை மீறினால் 3,000 ரூபா, 30 சதவீதம் வரை 5,000 ரூபா, 50 சதவீதம் வரை 10,000 ரூபா, அதற்கும் மேலே போனால் 15,000 ரூபா. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றி, விடியுமுன் புறக்கோட்டையில் இறக்க வேண்டும் என்று சாரதியை விரட்டுகின்ற முதலாளிமார் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டத்தின் முழு இலாபத்தையும் ஒரு கடதாசி விழுங்கி விடும்.

தண்டத்தை விடப் பெரிய ஆபத்து

பணம் இரட்டிப்பாவதோடு முடிந்தால் பரவாயில்லை. தற்காலிக அனுமதியின் நாள் முடிந்த பிறகும் அந்தச் சாரதி நமது லொறியை ஓட்டிக் கொண்டிருந்தால், சட்டத்தின் பார்வையில் கையில் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுகிறார். அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது சாரதியின் லைசனைத்தான். “பொலிஸில் இருக்கிறது” என்று சொன்னால், “எப்போதிலிருந்து?” என்பது அடுத்த கேள்வி. பல இலட்சம் பெறுமதியான லொறிக்கும் அதில் ஏற்றிய சரக்குக்கும் நாம் வருடா வருடம் கட்டிய காப்புறுதி, கட்டாமல் விட்ட ஓரிரு ஆயிரம் ரூபாவால் கேள்விக்குறியாகிறது. சாரதியின் தவறு என்று நாம் கை கழுவ முடியாது. லைசன் இல்லாத ஒருவரைச் சாரதியாக வேலைக்கு அமர்த்துவது உரிமையாளருக்கே தனியான ஒரு குற்றமாகும்.

சாரதி ஏன் மறைக்கிறார்?

எனக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவரின் லொறி சம்மாந்துறையிலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓடுவது. ஒரு நாள் வழியில் நிறுத்திய பொலிஸார், அந்தச் சாரதியின் பெயரில் பிடியாணை இருப்பதாகச் சொல்லி அவரை அழைத்துச் சென்று விட்டார்கள். அரிசியோடு லொறி வீதியோரத்தில் நின்றது. பழைய தண்டப் பத்திரம் ஒன்று மாதக்கணக்கில் சாரதியிடமே கிடந்திருக்கிறது. பிணையில் வந்த பிறகு முதலாளி கேட்டார்:

“ஏன் தம்பி, அன்றைக்கே என்னட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா சம்பளத்தில வெட்டுவீங்க எண்டு பயந்துதான் முதலாளி.”

இந்த ஒரு பதிலில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. தண்டம் எதுவானாலும் சாரதி தலையில் என்று கடையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தால், எந்தச் சாரதியும் கடதாசியைக் காட்ட மாட்டார். காட்டாத கடதாசி இரட்டிப்பாகும், வழக்காகும், கடைசியில் நமது லொறியைத்தான் நிறுத்தும்.

நியாயமாகவும் பார்க்க வேண்டும். தேய்ந்த டயர், எரியாத பின் விளக்கு, காலாவதியான வருமான அனுமதிப்பத்திரம், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகியன முதலாளியின் பொறுப்பு. தொலைபேசியில் பேசிக் கொண்டு ஓட்டியது, ஆசனப் பட்டி போடாதது, சிவப்பு விளக்கில் போனது ஆகியன சாரதியின் பொறுப்பு. வேகம் இரண்டு பேருக்கும் இடைப்பட்டது. நேரத்தை நாம் நெருக்கியிருந்தால் பாதி நம்முடையதுதான். இதை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே பேசி முடித்து விடுங்கள். அதோடு ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்: “எந்தத் தண்டமானாலும் அன்றே கொண்டு வந்து தா. கட்டுவது யார் என்று பிறகு பேசுவோம். மறைத்தால் மட்டும்தான் கோபம்.”

எங்கே தேடுவது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெயரையோ வழக்கு இலக்கத்தையோ கணினியில் அடித்துப் போக்குவரத்து வழக்கின் நிலையைப் பார்க்கலாம். நமது நீதவான் நீதிமன்ற வழக்கொன்றைத் தேடுவதற்கு நடந்து போய்த்தான் பழக்கம். வழி தெரிந்தால் அது பெரிய கஷ்டமல்ல.

கடதாசி தொலைந்தாலும் அதன் தடம் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, தண்டம் எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவு. இரண்டாவது, அந்தப் பொலிஸ் பிரிவு எந்த நீதவான் நீதிமன்றத்துக்கு உட்பட்டதோ அதன் பதிவாளர் அலுவலகம். மூன்றாவது, முடிந்த வழக்கேடுகள் வைக்கப்படும் அதே நீதிமன்றத்தின் பதிவறை.

சம்பவம் நடந்த இடம்தான் முக்கியம். சாரதியின் ஊரோ கடையின் விலாசமோ அல்ல. காத்தான்குடிச் சாரதிக்குத் தம்புள்ளையில் தண்டம் எழுதினால் தேட வேண்டியது தம்புள்ளையில்தான். திகதி, இடம், வாகன இலக்கம், சாரதியின் அடையாள அட்டை இலக்கம், லைசன் இலக்கம் ஆகியவற்றோடு முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். வழக்குத் தாக்கல் செய்யப்பட்டிருந்தால் அதன் இலக்கத்தையும் தவணைத் திகதியையும் அங்கே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். வழக்கு இலக்கம்தான் சாவி. அது இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போனால் அரை நாள் வீணாகும்.

தவணை தவறி விட்டால் ஒளித்துத் திரிவதால் பலனில்லை. பொலிஸார் பிடிக்கும் வரை காத்திராமல், சட்டத்தரணி ஒருவர் மூலம் பிரேரணை சமர்ப்பித்து, சாரதி தானாகவே நீதிமன்றத்தில் ஆஜராவதுதான் நல்லது. தானாக வந்தவரை நீதிமன்றம் பார்க்கும் விதம் வேறு, பிடித்துக் கொண்டு வரப்பட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. விபத்து நட்டஈட்டுக்கோ காப்புறுதிக்கோ வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி தேவைப்பட்டால் அதற்கும் சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்ற வாசலில் “நான் முடித்துத் தருகிறேன் நானா” என்று வருகின்ற தரகர்களிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தண்டம் கட்டினால் அரசாங்கப் பற்றுச்சீட்டு வர வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத பணம் கட்டப்படாத பணம்.

குற்றமே செய்யவில்லை என்றால்?

உடனடித் தண்டத்தைக் கட்டுவது குற்றத்தை ஏற்று விஷயத்தை முடித்துக் கொள்வதாகும். செய்யவில்லை என்று சாரதி உறுதியாகச் சொன்னால், வழக்கு நீதிமன்றம் போகும் வரை இருந்து, அங்கே சுற்றவாளி என்று சொல்லி விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் வியாபாரி என்ற வகையில் கணக்கும் பார்க்க வேண்டும். சட்டத்தரணிக் கட்டணம், தவணைக்குத் தவணை சாரதி போய் வரும் செலவு, அந்த நாட்களில் ஓடாமல் நிற்கும் லொறி என்பவற்றையெல்லாம் கூட்டினால் சிறிய தண்டத்துக்கு வழக்காடுவது பெரும்பாலும் நட்டம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. விபத்தில் ஒருவர் காயப்பட்டிருந்தாலோ வேறொருவரின் வாகனம் சேதப்பட்டிருந்தாலோ, “ஒப்புக் கொண்டு தண்டம் கட்டினால் இன்றே முடியும்” என்ற பேச்சுக்கு அவசரப்பட்டு இணங்க வேண்டாம். அன்று ஒப்புக் கொண்ட பதிவு பின்னால் வரும் நட்டஈட்டு வழக்கில் நமக்கு எதிராக எடுத்துக் காட்டப்படலாம். முதலில் சட்டத்தரணியிடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் பேசுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டப் பத்திரத்தில் கையால் எழுதியிருப்பது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாத சாரதி எந்தக் குற்றம், எந்தத் திகதி என்று விளங்காமலே கையெழுத்து வைக்கிறார். எழுதியதை வாசித்துக் காட்டும்படி அந்த இடத்திலேயே மரியாதையாகக் கேட்கலாம். நீதிமன்றத்தில் வழக்குக்குரியவர் தமிழில் பேசவும், தேவையான மொழிபெயர்ப்பைப் பெறவும் 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் உரிமை தருகிறது. கேட்டால் கிடைக்கும்.

வழியில் “முடித்துக் கொள்வது”

சில முதலாளிமார், “நூறு இருநூறைக் கொடுத்து விட்டு வா” என்று சாரதிக்குக் கைச்செலவுப் பணமே கொடுத்து அனுப்புகிறார்கள். இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். வியாபாரக் கணக்கிலும் அது பிழையானது. பற்றுச்சீட்டு இல்லாத அந்தச் செலவில் எவ்வளவு உண்மையில் வீதியில் போனது, எவ்வளவு வேறெங்கோ போனது என்று நமக்குத் தெரியாது. பழுதான பின் விளக்கு பழுதாகவே இருக்க, அடுத்த சந்தியிலும் கொடுக்க வேண்டி வரும். அந்தப் பணத்துக்கு இரண்டு மின்குமிழ் வாங்கிப் போட்டிருக்கலாம். அதிகாரி யாரேனும் இலஞ்சம் கேட்டு வற்புறுத்தினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

புதிய வழிகள், புதிய கவனம்

தூர ஊர்ச் சாரதிகளுக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது லைசனை மீட்பதற்காகத் திரும்பவும் அதே ஊருக்குப் போவதுதான். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் தொடங்கிய கவ்பே என்ற இணையக் கட்டண முறையில், அதே ஆண்டு ஏப்ரலில் போக்குவரத்துத் தண்டமும் முன்னோடித் திட்டமாகச் சேர்க்கப்பட்டு, பின்னர் படிப்படியாக மற்ற இடங்களுக்கும் விரிக்கப்பட்டது. தண்டத்தைக் கையடக்கத் தொலைபேசியில் கட்டியதும் பொலிஸ் அதிகாரிக்குக் குறுஞ்செய்தி போகும். லைசனை அந்த இடத்திலேயே திருப்பி வாங்கிக் கொள்ளலாம். சாரதி பத்திரத்திலுள்ள இலக்கங்களைச் சொன்னால் முதலாளி கடையில் இருந்தபடியே கட்டி விடலாம். அதற்கும் சாரதி பயமில்லாமல் நமக்குக் கோல் எடுக்க வேண்டும் என்பதை மறந்து விடக் கூடாது.

இன்னொன்று, 2024 ஜனவரி 22 முதல் கொழும்பு நகரில் கண்காணிப்புக் கமராக்கள் மூலம் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் முறை தொடங்கியது. கமராவுக்குத் தெரிவது வாகன இலக்கம் மட்டும்தான். கடிதம் பதிவு செய்யப்பட்ட உரிமையாளருக்கே வரும். வாகனத்தை அன்று ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்வதும் உரிமையாளரின் கடமை. எந்த நாள் எந்த வாகனத்தை யார் ஓட்டினார் என்று எழுதி வைக்காதவர் என்ன பதில் சொல்வார்? உரிமை மாற்றம் செய்யாமல் ‘ஓபன் பேப்பர்’ முறையில் வாகனம் விற்றவர்களின் நிலை இன்னும் மோசம். விற்று வருடங்கள் ஆன வேனுக்கு அவர்களின் வீட்டுக்குத்தான் கடிதம் வரும். விற்ற உடனேயே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தை முடித்துக் கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பக்கம். ஓட்டியவர் பெயர், தண்டம் எழுதிய திகதி, பொலிஸ் நிலையம், பத்திர இலக்கம், 14 ஆம் நாள் எது, கட்டிய திகதி, லைசன் திரும்பிய திகதி என்று கோடு போட்டு எழுதுங்கள். தண்டப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் போட்டோ பிரதி எடுத்து அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கும்போது ஒவ்வொரு சாரதியின் லைசனையும் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். லைசன் கையில் இல்லாத சாரதிக்கு அடுத்த நாள் லொறிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.