சென்னை – கொடைக்கானல்: தொலைவும் பயண நேரமும்

கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். சென்னைக்கும் இதற்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 435 கி.மீ.; சாலைத் தொலைவு ஏறத்தாழ 525 கி.மீ.

விமான நேரக் கணக்கு

நேர்கோட்டுத் தொலைவை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 33 நிமிடம் வரும். தொலைவு கணக்கிடும் இணையதளங்கள் தரும் "விமான நேரம்" பெரும்பாலும் இத்தகைய வகுத்தல் கணக்கே. கொடைக்கானலில் விமான நிலையம் இல்லை என்பதை அந்தக் கணக்கு அறியாது. அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து சுமார் 125 கி.மீ. சாலைப் பயணத்துக்கு மூன்றரை மணி நேரம் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஆறரை முதல் ஏழு மணி நேரம்.

ரயிலும் சாலையும்

பாண்டியன் விரைவு ரயில் சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்பட்டு ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் கொடைரோடு சேர்கிறது. அங்கிருந்து மலைக்கு 80 கி.மீ. காரில் சென்னையிலிருந்து நேரே வந்தால் பத்து மணி நேரம் ஆகலாம்.

மலைச்சாலை ஏன் நீள்கிறது?

கோக்கர்ஸ் வாக்கில் நின்றால், வானம் தெளிந்த நாளில் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி காலடியில் தெரியும். பெரியகுளம் நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. தான். ஆனால் வத்தலக்குண்டு வழியாகச் சாலையில் சென்றால் 80 கி.மீ.க்கு மேல். சமவெளிக்கும் ஊருக்கும் உயர வேறுபாடு சுமார் 1,800 மீட்டர். செங்குத்துச் சரிவில் பேருந்து ஏற முடியாது. எனவே ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் மூன்று நான்கு மீட்டர் மட்டுமே உயருமாறு சாலையை வளைத்து வளைத்து அமைத்துள்ளனர். தூரம் கூடுகிறது, ஏற்றம் தணிகிறது.

1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் இங்கு முதல் வீடுகளைக் கட்டியபோது சாலை இல்லை. அடிவாரம் வரை மாட்டுவண்டியில் வந்து, பின்னர் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோ மேலேறினர். லாஸ் காட் எனப்படும் வத்தலக்குண்டு மலைச்சாலை 1910-களின் நடுவில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. பழனியிலிருந்து வரும் மற்றொரு மலைச்சாலையின் நீளம் சுமார் 64 கி.மீ.

நேரமே தொலைவு

மலைவாழ் மக்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் அல்ல, மணிக்கணக்கில் அளக்கின்றனர். மன்னவனூர், கிளாவரை போன்ற மேல்மலைக் கிராமத்தார் கொடைக்கானலை அடையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உயர் சிகிச்சைக்கு மதுரை செல்ல வேண்டிய நோயாளிக்கு அதன் மேல் மூன்று மணி நேரத்துக்கும் அதிகம். மழையில் மண் சரிந்தாலோ, விடுமுறை நாளில் வாகனங்கள் தேங்கினாலோ இந்த நேரம் இன்னும் நீளும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

பயணத்தைத் திட்டமிடுவோர் தொலைவை மட்டும் பாராமல், வழியையும் ஏற்றத்தையும் சேர்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.