பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? கைப்பேசி விசைகள் தரும் குழப்பம்

கடந்த மாதம் என் அத்தை பேருந்து நிலையத்தில் வங்கி அட்டையைத் தொலைத்துவிட்டார். கைப்பேசிச் செயலியிலேயே அட்டையைப் பூட்டலாம் என்று அவருக்குத் தெரியும். திறந்து பார்த்தால் ‘லாக் கார்டு’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விசை. தொட்டார். நிறம் மாறியது, எழுத்து மாறவில்லை. சந்தேகத்தில் இன்னொரு முறை தொட்டுவிட்டு எனக்கு அழைத்தார்.

“தம்பி, இது இப்ப பூட்டியிருக்கா, இல்லியா?”

இரண்டாவது முறை தொட்டதில் அட்டை மறுபடியும் திறந்துகொண்டது. நல்லவேளையாகப் பணம் எதுவும் போகவில்லை.

அத்தைக்குக் கைப்பேசி தெரியவில்லை என்று சொல்வது எளிது. ஆனால், தவறு விசையின் வடிவமைப்பில்தான் இருக்கிறது.

வீட்டுச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்க்கிறோம். நம் வீடுகளில் உள்ள மூன்று துளை பிளக் சுவிட்சுகள் பலவற்றில், சிவப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். கைப்பேசியிலோ பல இடங்களில் பச்சைதான் ‘ஆன்’. சுவரில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எந்தத் தகவலையும் நிறத்தால் மட்டுமே உணர்த்தக் கூடாது என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி சொல்வது இதனால்தான்.

2007இல் வந்த முதல் ஐபோனின் விசைகளில் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று எழுத்திலேயே இருந்தது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 அதை நீக்கிவிட்டது. ஆனாலும் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆக்சசிபிலிட்டி’, அதற்குள் ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ சென்று ‘ஆன்/ஆஃப் லேபிள்ஸ்’ என்பதை இயக்கினால் விசைகளில் அடையாளம் தெரியும். கோடு என்றால் ஆன். வட்டம் என்றால் ஆஃப்.

அடுத்த சிக்கல் சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘பூட்டு’ என்பது ஏவலாகவும் வரும், பெயராகவும் வரும். விசைக்குப் பக்கத்தில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால், செய்யச் சொல்கிறதா, செய்தாகிவிட்டதா? ‘அட்டை இப்போது பூட்டியுள்ளது’ என்று நிலையைச் சொல்லும் ஒரு வரி அடியில் இருந்தால் குழப்பமே இல்லை. ‘அறிவிப்பு வேண்டாம்’ என்பதற்கு ‘ஆன்’ என்று வைப்பதும் வேண்டாத வேலை. ‘அறிவிப்பு’ என்று வைத்து, வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது இதுதான். விசையைத் தொட்டபின் சந்தேகம் வந்தால் மீண்டும் தொடாதீர்கள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, திரும்ப வந்து பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் வங்கிக்கே அழையுங்கள். அந்த எண்ணை இன்றே குறித்து வையுங்கள். அட்டை தொலைந்தால் அதன் பின்புறத்தில் உள்ள எண்ணும் சேர்ந்து தொலைந்துவிடும்.

செயலி வடிவமைக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன் உங்கள் அம்மாவிடம் கொடுத்து, “இது இப்ப ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விசையை மாற்றுங்கள்.