கேட் மட்டுமா துருப்பிடிக்கும்? உடம்பில் இரும்பு அதிகமானால் என்ன ஆகும்?

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி வீடு இருந்தாலும், இரும்பு கேட்டை உப்புக்காற்று விடாது. அடிக்கடி பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். உடம்புக்குள் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அது செல்களை உள்ளிருந்தே அரிக்கும்.

'ரத்தசோகைதானே நம்ம வீட்டுப் பிரச்னை?' என்று கேட்கிறீர்களா? மேலே படியுங்கள்.

நம் உடலில் இருப்பது மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு. தினமும் வெளியேறுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மிச்சத்தை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது.

யாருக்கு வரும்?

'ஹீமோகுரோமட்டோசிஸ்' என்ற பரம்பரைக் கோளாறில், உணவிலிருந்து குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். இதற்கான முக்கிய மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் அந்த மரபணு மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. நம் ஊரில் கவனிக்க வேண்டியது தலசீமியா. தீவிர தலசீமியா உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. உயிர் காக்கும் ரத்தமே இரும்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

எங்கெல்லாம் படியும்?

* கல்லீரல்: முதலில் சேருவது இங்கேதான். தழும்பாகி, சிரோசிஸ் வரை போகலாம்.
* இதயம்: துடிப்பு தாறுமாறாகும், செயலிழப்பு வரலாம். மிக ஆபத்தானது இதுதான்.
* கணையம்: இன்சுலின் குறைந்து சர்க்கரை நோய் வரும்.
* பிட்யூட்டரி சுரப்பி: குழந்தையின் வளர்ச்சியும் பருவமடைதலும் தள்ளிப்போகும்.
* தோல், மூட்டு: தோல் கருக்கும். ஹீமோகுரோமட்டோசிஸில் விரல் மூட்டுகள் வலிக்கும்.

தீர்வு உண்டா?

உண்டு. ஹீமோகுரோமட்டோசிஸுக்கு அவ்வப்போது ரத்தத்தை வெளியே எடுப்பதே சிகிச்சை. தலசீமியாவில் அது முடியாது என்பதால், இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் தரப்படுகின்றன. ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் படிந்த அளவைக் காட்டும். தலசீமியாவையே குணப்படுத்தும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, வேலூர் சி.எம்.சி-யில் 1986-லேயே தொடங்கிவிட்டது.

ஒரு நிமிடம்!

தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் லேசான ரத்தசோகை இருக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு என நினைத்து, வருடக்கணக்கில் தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? ஃபெரிட்டின், ஹெச்.பி.ஏ2 பரிசோதனைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கணவன், மனைவி இருவருமே இந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குத் தீவிர தலசீமியா வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. ஜாதகம் பார்க்கும் நேரத்தில் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடலாமே!