ஆளில்லாத நான்கு ஆசனங்கள்

1931 மே 4 ஆம் திகதி, இலங்கை அரசாங்க சபைத் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கும் நாள். தீவகத்தை உள்ளடக்கிய ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறைத் தொகுதிகளிலும் அப்படியே. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பின் விளைவு அது.

1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய இயக்கம் இது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் முன்னின்றாலும், தனியொரு தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அது நடக்கவில்லை. ஆண்டு மாநாடு கூடும். தீர்மானங்கள் முன்மொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டு நிறைவேறும். தலைமை தாங்க வெளியாரையும் அழைத்தார்கள். 1931 மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்தார். காந்தி 1927 இல் யாழ்ப்பாணம் வந்ததும் இவர்களின் அழைப்பில்தான்.

மாநாட்டு உரைகளைவிடப் பெரிய காரியம் பந்தியில் நடந்தது. சாதி பாராமல் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்கள். பள்ளிக்கூடங்களில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைத் தரையில் இருத்திய காலம் அது. அவர்களுக்குச் சம ஆசனம் வேண்டும் என்று காங்கிரஸ் வாதாடியது. பக்கத்தில் இருந்து சாப்பிட மறுப்பவர்கள் கூடி எடுக்கும் முடிவை மக்கள் முடிவு என்று சொல்ல முடியாது. இதை அந்த இளைஞர்கள் விளங்கிக்கொண்டதே அவர்களின் மிகப் பெரிய சாதனை.

இத்தேர்தலுக்கு அடிப்படையான, பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது, சுயராச்சியம் தரவில்லை. ஆகவே தேர்தலைப் புறக்கணிப்பது என மாநாடு தீர்மானித்தது. போட்டியிட எண்ணியிருந்தவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். தெற்கின் இடதுசாரி இளைஞர்கள் இதைப் பாராட்டினார்கள்.

ஆனால் அதுவரை நூற்றுக்கு நான்கு பேரளவிலேயே வாக்களிக்க முடிந்த நாட்டில், முதன்முறையாக வாக்குப் பெற்றவர்கள் நெடுந்தீவின் கூலித் தொழிலாளியும் நயினாதீவின் பெண்ணும். கடல் கடந்து மாநாட்டுக்கு வர வசதியற்ற அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மண்டபத்துக்குள் இருந்தவர்களின் சம்மதம், வெளியே இருந்தவர்களின் வாக்கைப் பூட்டிவைத்தது. பங்கேற்பை நம்பும் இயக்கங்கள் பலவும் இடறும் இடம் இதுதான்: வந்தவர்களையே ஊர் முழுவதும் என்று எண்ணிவிடுகின்றன.

ஆசனங்கள் மூன்றாண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. 1934 இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை தெரிவானார். பருத்தித்துறையில் வென்ற ஜி. ஜி. பொன்னம்பலம் பின்னர் சிங்களவருக்குப் பாதி, ஏனைய இனத்தவருக்குப் பாதி ஆசனங்கள் என்னும் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையை முன்வைத்தார். இனப் பிரதிநிதித்துவத்தை எதிர்த்துவந்த வாலிபர் காங்கிரஸ் அதற்குள் செல்வாக்கிழந்திருந்தது.