ஊரை இழந்த கழகம், ஊருக்குத் திரும்பிய கதை: விம்பிள்டன் ஆதரவாளர்கள் செய்தது என்ன?

2002ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் கொண்ட ஆணைக்குழு தனது முடிவை அறிவித்தது. தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன் கழகம், அங்கிருந்து சுமார் 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு நிரந்தரமாக இடம்மாறலாம் என்பதே அந்த முடிவு. இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ஆதரவாளர்கள் சேர்ந்து விம்பிள்டனிலேயே புதிதாக ஒரு கழகத்தைத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தையும் ஆணைக்குழு தனது அறிக்கையில் எழுதி வைத்தது. 1889இல் தொடங்கி 113 ஆண்டுகள் ஓர் ஊரின் பெயரைச் சுமந்த கழகம், அந்த ஊர் மக்களின் எதிர்ப்பையும் மீறி வேறொரு நகரத்தின் சொத்தாகலாம் என்பது சட்டப்படி முடிந்த காரியமாகியது. ஆணைக்குழுக்கள் எப்படி முடிவெடுக்கும் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விம்பிள்டன், டூட்டிங், மிச்சம், நியூ மோல்டன் என்பவை நம்மில் பலருக்கு உறவினர்களின் முகவரிகளாகத் தெரிந்த பெயர்கள். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி அது. டெனிஸ் போட்டியால் உலகறிந்த அந்த ஊருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகமும் இருந்ததும், அது பறிபோனதும், ஆதரவாளர்கள் மீண்டும் ஒன்றைக் கட்டியெழுப்பியதும் இங்கே அதிகம் பேசப்படாத கதை. விளையாட்டுச் செய்தி என்பதைவிட, ஒரு பொது நிறுவனத்தை ஊர் எப்படி இழக்கிறது, எப்படி மீட்கிறது என்பதற்கான விளக்கமாக அதைப் படிக்கலாம்.

கழகம் ஒரே நாளில் ஊரை இழக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி, எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பலம்வாய்ந்த லிவர்பூல் அணியை 1–0 என்று வென்ற சிறிய கழகம்தான் விம்பிள்டன். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது தேசிய லீக் போட்டிகளுக்குள்ளேயே நுழைந்திருந்தது. ஆனால் ப்ளவ் லேன் வீதியிலிருந்த அதன் மைதானம் பழையது. 1989 ஹில்ஸ்பரோ அனர்த்தத்துக்குப் பின்னர் உயர்பிரிவு மைதானங்களில் பார்வையாளர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. அந்த மைதானத்தைத் திருத்துவதைவிட வேறிடம் தேடலாம் என்று உரிமையாளர் முடிவெடுத்தார். 1991இல் கழகம் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக் குடியாகப் போனது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அங்கே 12 ஆண்டுகள் கழிந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது காணி விடயம். ப்ளவ் லேன் காணியை விளையாட்டு, பொழுதுபோக்குத் தேவைகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற பாதுகாப்பு நிபந்தனை ஒன்று முன்பு இருந்தது. வேறு தேவைக்கு மாறினால் உள்ளூராட்சி சபை அதைத் திருப்பி வாங்கலாம். பின்னர் அந்த நிபந்தனை பணம் செலுத்தி நீக்கப்பட்டது. அதோடு மைதானம் விற்பனைக்குரிய வெறும் காணியாகியது. 1997இல் கழகம் நோர்வே நாட்டு முதலீட்டாளர்களின் கைக்குப் போனது. 1998இல் மைதானம் ஒரு சுப்பர் மார்க்கட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்ததால் கடை வரவில்லை. இறுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. மைதானமும் இல்லை, காணியும் இல்லை, கழகமோ அயலவர் வீட்டில் வாடகைக்கு. இந்த நிலையில், 2000ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி, கிண்ணம் வென்று சரியாக 12 வருடங்களில், அணி பிரீமியர் லீக்கிலிருந்தும் தரமிறங்கியது. நட்டத்தில் ஓடிய ஒரு கழகத்தை, புது மைதானம் கட்டித் தருவதாகச் சொன்ன ஒரு நகரத்துக்கு அனுப்புவது உரிமையாளருக்குக் கணக்குப் பிரச்சினை மட்டுமே.

தீர்ப்பு வந்த ஓரிரு நாட்களிலேயே ஆதரவாளர்கள் கூட்டம் கூடினார்கள். மேல்முறையீடு, ஆர்ப்பாட்டம் என்று இன்னும் ஒரு வருடத்தை இழுப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்பதே விவாதம். புதிதாகத் தொடங்குவது என்று முடிவானது. ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுவெளியில் திறந்த தேர்வு வைத்தார்கள். விளையாட விரும்பும் எவரும் வரலாம். 230 பேரளவில் வந்தார்கள். ஜூலை 10ஆம் திகதி, தீர்ப்பு வந்து ஆறே வாரத்தில், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகம் சட்டன் யுனைட்டட் மைதானத்தில் தனது முதலாவது சிநேகபூர்வ ஆட்டத்தை ஆடியது. 4–0 என்று தோற்றது. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

புதிய கழகம் ஆங்கில உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் படியில், கூலித் தொழிலாளரும் ஆசிரியரும் வேலை முடிந்து வந்து ஆடுகின்ற உள்ளூர் லீக்கில் சேர்ந்தது. அந்த முதல் பருவத்தில் அதன் ஆட்டங்களுக்குச் சராசரியாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாட்டின் இரண்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்த பழைய கழகத்துக்கு அந்தப் பருவத்தில் அத்தனை பேர் வரவில்லை. 2003இல் பழைய கழகம் வங்குரோத்து நிர்வாகத்தின் கீழ் சென்று மில்டன் கீன்சுக்குப் போய், 2004இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

இனி நிர்வாகத்துக்கு வருவோம். ஏனெனில் உணர்ச்சியால் ஒரு கழகத்தைத் தொடங்கலாம். இருபது வருடம் நடத்த முடியாது.

ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் உரிமை ‘டொன்ஸ் ட்ரஸ்ட்’ என்ற ஆதரவாளர் அமைப்பிடம் இருக்கிறது. நம் நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும். வருடச் சந்தா கட்டும் எவரும் அங்கத்தவர். ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. சந்தா மட்டும் கட்டியவருக்கும், அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் நன்கொடை கொடுத்தவருக்கும் அதே ஒரு வாக்குத்தான். அங்கத்தவர்கள் ட்ரஸ்டின் நிர்வாகசபையைத் தெரிவு செய்கிறார்கள். கழகத்தின் அன்றாட வேலைகள் ஒரு கம்பனியின் கையில். அந்தக் கம்பனியின் பெரும்பான்மை வாக்குரிமை ட்ரஸ்டின் கையில். வெளியாருக்குப் பங்கு விற்கலாம், ஆனால் கட்டுப்பாட்டை விற்க முடியாது. கழகத்தை இன்னொரு நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அங்கத்தவர்களே கைதூக்க வேண்டும்.

நிதிப் பொறுப்பையும் நீண்டகாலம் நிறைவேற்றுப் பணிப்பாளர் பதவியையும் வகித்தவர் எரிக் சாமுவெல்சன். உலகின் பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்றில் பங்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். கழகத்தில் அவர் பெற்ற சம்பளம் வருடத்துக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுணும் ஐந்து பென்சும். ஒரு பவுண் என்பதைவிட ஒரு கினி என்றால் கௌரவமாக இருக்கும் என்பது அவரது பகிடி. மைதானத்து வேலை, பத்திரிகை அச்சிடுதல், நுழைவுச்சீட்டு எனப் பலவற்றையும் தொண்டர்கள் பங்குபோட்டார்கள். தொண்டு என்பதற்காகக் கணக்கில் தளர்வு இருக்கவில்லை என்பதுதான் இங்கு முக்கியம். தொழில்சார் அறிவுள்ள ஒருவர் கணக்கைப் பார்த்தார். அங்கத்தவர்கள் பொதுக்கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்டார்கள்.

வடக்கு கிழக்கில் ஊருக்கொரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. 1990க்குப் பின்னர் இடம்பெயர்ந்த ஊர்கள் தமது கழகப் பெயரை முகாம்களுக்கும் இரவல் காணிகளுக்கும் காவிச் சென்றதையும் அறிவோம். இன்று அத்தகைய கழகங்கள் பலவற்றுக்குப் புலம்பெயர் உறவுகளின் பணம் வருகிறது. மைதானம் மட்டப்படுத்தப்படுகிறது, மதில் எழுகிறது, சீருடை வருகிறது. நல்லதுதான். ஆனால் கூடப் பணம் அனுப்பியவரின் சொல்லே பொதுக்கூட்டத் தீர்மானமாகிற இடங்களும் உண்டு. அவர் கோபித்துக்கொண்டால், அல்லது அவரது பிள்ளைகளுக்கு இந்த ஊரில் அக்கறையில்லாமல் போனால், கழகத்துக்கு என்ன மிஞ்சும்? மைதானக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் யார் யார் கையொப்பமிடுகிறார்கள், கடைசியாகக் கணக்கறிக்கை வாசிக்கப்பட்டது எப்போது என்பவை விம்பிள்டனுக்கு மட்டுமான கேள்விகளல்ல.

களத்தில் புதிய கழகம் விரைவாக ஏறியது. 2003 பெப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2011 மே 21ஆம் திகதி லூட்டன் டவுன் அணியைப் பெனால்டியில் வென்று தேசிய லீக்குக்குள் நுழைந்தது. ஒன்பது பருவங்களில் ஐந்து தரமுயர்வுகள். 2016இல் மூன்றாம் படியை எட்டியது. இதற்கிடையில், 2006இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, 1988 கிண்ண வெற்றி உட்பட பழைய வரலாற்றின்மீது மில்டன் கீன்ஸ் கழகம் உரிமை கோருவதைக் கைவிட்டது. 2007இல் பழைய கிண்ணங்களும் நினைவுப்பொருட்களும் விம்பிள்டன் அமைந்துள்ள மேர்ட்டன் உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஆனால் மைதானம்? கழகம் அயல்நகரான கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்புவது என்ற இலக்கை நிர்வாகம் ஒருபோதும் ஆவணங்களிலிருந்து எடுக்கவில்லை. பழைய மைதானத்திலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில், அதே ப்ளவ் லேன் வீதியில், ஒரு நாய்ப் பந்தய அரங்கு இருந்தது. அந்தக் காணியில் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து, வீடுகளும் மைதானமும் ஒன்றாக எழும் திட்டத்தைக் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் மேர்ட்டன் சபை ஏகமனதாக அனுமதித்தது. லண்டன் மேயர் அலுவலகம் தலையிட்டதால் திட்டம் மேலும் தாமதித்தது. கடிதம், கூட்டம், மனு. அயலிலுள்ள குடியிருப்பாளர்களுக்கு வாகன நெரிசலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊரோடு உறவு என்பது ஆட்டநாள் கூட்டம் மட்டுமல்ல என்பதைக் கழகம் அந்த வருடங்களில்தான் படித்தது என்று நினைக்கிறேன்.

2019 இறுதியில் மிகப் பெரிய நெருக்கடி வந்தது. கட்டடம் பாதியில் நிற்க, பல மில்லியன் பவுண்கள் பற்றாக்குறை. கட்டுப்பாட்டை வெளி முதலீட்டாளர்களிடம் கொடுத்துவிட நேருமோ என்ற பயம் அங்கத்தவர்களிடையே பரவியது. அப்போது சில ஆதரவாளர்கள் கடன்முறி என்ற யோசனையை முன்வைத்தார்கள். ஆதரவாளர்கள் கழகத்துக்குக் கடன் கொடுப்பார்கள். எத்தனை வருடத்துக்கு என்பதையும், பூச்சியம் முதல் 4 சதவீதம் வரை எவ்வளவு வட்டி வேண்டும் என்பதையும் கொடுப்பவரே தீர்மானிப்பார். வட்டியே வேண்டாம் என்றும் எழுதலாம். சில வாரங்களில் ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அதோடு வசதியுள்ள சில ஆதரவாளர்களுக்குச் சிறுபான்மைப் பங்குகளும் விற்கப்பட்டன. பெரும்பான்மை ட்ரஸ்டிடமே நின்றது. இந்த முறையில் பணம் மெதுவாகத்தான் வரும். செல்வந்த உரிமையாளர் உள்ள கழகங்களோடு வீரர்களை வாங்குவதில் போட்டியிடவும் முடியாது. 2022இல் அணி நான்காம் படிக்குத் தரமிறங்கியபோது, இந்த அமைப்பே பாரம் என்று சொன்ன ஆதரவாளர்களும் இருந்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது.

2020 நவம்பர் 3ஆம் திகதி, 29 வருடங்களின் பின்னர், ப்ளவ் லேனில் ஆட்டம் நடந்தது. டொன்காஸ்டர் அணியுடன் 2–2. கொரோனா காரணமாகக் காசு கொடுத்து அந்த மைதானத்தைக் கட்டியவர்கள் யாரும் உள்ளே இல்லை. ஆனால் அதே வருடம் மார்ச்சிலிருந்து அவர்களில் பலர் வீதியில் நின்றார்கள். சுப்பர் மார்க்கட் வாசல்களில் உணவுப் பொருட்கள் சேகரித்து, வேலை இழந்த குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பழைய மடிக்கணினிகளைத் திருத்தி, வீட்டிலிருந்து படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கு வழங்கினார்கள். இதைச் செய்தவர்களில் பலர் கழகத்தின் ஊழியர்களல்ல. பதினெட்டு வருடமாக ஒன்றாகக் கூட்டம் கூடி, சண்டை பிடித்து, சந்தா சேர்த்துப் பழகியவர்கள். 2024 செப்டம்பரில் அருகிலுள்ள வாண்டில் ஆறு பெருகி மைதானத்தின் புல்தரை குழியாகத் தாழ்ந்தபோது, உதவிநிதி ஒரு இலட்சம் பவுணைத் தாண்டியது. 2025 மே மாதம் வால்சால் அணியை 1–0 என்று வென்று கழகம் மீண்டும் மூன்றாம் படிக்கு ஏறியது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதுவது சரியல்ல. கிங்ஸ்மெடோ மைதானம் 1989இல் கிங்ஸ்டோனியன் என்ற உள்ளூர்க் கழகத்துக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கழகம் கடனில் விழுந்து மைதானத்தின் உரிமையை இழந்தபோது, 2003இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் குத்தகையை வாங்கியது. மைதானத்தின் பழைய சொந்தக்காரர் வாடகைக் குடியானார். புதிய மைதானத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது விம்பிள்டன் கிங்ஸ்மெடோவைச் செல்சி கழகத்துக்கு விற்றது. இன்று அங்கே செல்சியின் பெண்கள் அணி ஆடுகிறது. 1885இல் தொடங்கிய கிங்ஸ்டோனியன் 2017இல் அங்கிருந்து வெளியேறி, முதலில் லெதர்ஹெட் கழகத்தின் மைதானத்திலும், பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வேறு கழகங்களின் மைதானங்களிலும் இரவலாக ஆடவேண்டி வந்தது.